கட்டி வைத்த கிளை

அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது. மோசமாக வந்திருந்தால் அதை அன்றைக்கே அழித்துவிட்டு மறந்திருப்பேன், எழுதுவதற்கும் ஒன்றும் இருந்திருக்காது. ஒரு பெண் தேன்சிட்டு. வயிறு மஞ்சள், முதுகு இளம்பச்சை கலந்த பழுப்பு. அலகில் ஒரு சிலந்தி. தொங்கும் கூட்டின் வாசலில் இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. பின்னணி முழுக்க மென்மையான பச்சை. இலை, கம்பி, சுவர் என்று எதுவும் குறுக்கே இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பச்சையைத்தான் முதலில் சொன்னார்கள். "எவ்ளோ கிளீனா இருக்கு!"

கிளீனாகத்தான் இருக்கும். குறுக்கே இருந்த கிளையைச் சிவப்பு ராஃபியா கயிற்றால் ஜன்னல் கிரில்லோடு இழுத்துக் கட்டியது நான்தான்.

லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தற்பெருமையாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தவறு அந்தப் பெருமையில்தான் தொடங்கியது. என்னிடம் இருப்பது கேனன் எஃப்.டி 300 மி.மீ., எஃப்/4. 1987இல் கேனன் ஈ.ஓ.எஸ் கேமராக்களைக் கொண்டுவந்தபோது எஃப்.டி லென்ஸ்கள் ஒரே நாளில் அநாதையாகின. புதிய கேமராவில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் 44 மி.மீ. பழைய லென்ஸுக்குத் தேவைப்பட்டதோ 42 மி.மீ. இந்த இரண்டு மில்லிமீட்டரால், இடையில் ஒரு கண்ணாடித் துண்டைச் செருகாமல் அந்த லென்ஸால் தூரத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்ய முடியாமல் போனது. நல்ல கண்ணாடிகள் இருபது வருடம் அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. 2008க்குப் பிறகு மிரர்லெஸ் கேமராக்கள் வந்தன. உள்ளே கண்ணாடிப் பெட்டி இல்லாததால் இந்தத் தூரம் குறைந்தது. சோனியில் அது 18 மி.மீ. 42இல் 18 போனால் 24. அந்த 24 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழாய் போதும். அடாப்டர் என்று காசு கொடுத்து வாங்குகிறோமே, அதற்குள் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இப்படி மாட்டிய லென்ஸைக் கேமராவுக்கு அடையாளம் தெரியாது. 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்று மெனுவில் போய் அனுமதி கொடுக்க வேண்டும். எஃப் எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் தெரியும். ஆட்டோஃபோகஸ் கிடையாது. வளையத்தைக் கையால் திருக வேண்டும். ஃபோகஸ் ஆன விளிம்புகள் திரையில் சிவப்பாக மின்னும், அதை நம்பி அழுத்த வேண்டும். பறவை மூன்று மீட்டருக்குள் வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்தச் 'சும்மா பார்ப்பது' எனக்கு ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது. கோலாசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் பெரிய வெள்ளை லென்ஸ்களோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மீன்கொத்தி தலையைத் திருப்புவதற்குள் முப்பது படம் எடுத்துவிடுவார்கள். நான் ஒரு மணி நேரத்தில் நான்கு. அவர்கள் வேட்டைக்காரர்கள், நான் விருந்தாளி என்று எனக்குள் ஒரு கணக்கு. மெதுவான கருவியை வைத்திருப்பவன் மெதுவான மனிதன், மெதுவான மனிதன் நல்ல மனிதன். எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் பழைய லென்ஸ் வைத்திருக்கிற பலரிடம் இந்த நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஃபவுண்டன் பேனாவில் எழுதுகிறவர்களிடமும் இதைப் பார்க்கலாம்.

இந்த எண்ணத்துக்கு ஒரு முன்னோரையும் பிடித்துவைத்திருந்தேன். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர். தமிழில் அவர் எழுதியவற்றைப் பெருமாள்முருகன் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்று தொகுத்திருக்கிறார். கிருஷ்ணனின் கேமரா ஒரு கலவை. உடல் ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்றதெல்லாம் அவரே கோத்துக் கட்டியது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பேர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் மட்டும்தான் எடுத்தார். என் 24 மி.மீ. காற்றுக் குழாயை அந்தப் பரம்பரையில் சேர்த்துக்கொண்டேன். அவரிடம் நான் எடுத்துக்கொண்டது கருவியின் கதையை மட்டும்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

பெரியம்மா வீடு கிள்ளானில், ஒரு தாமானில் வரிசை வீடு. நான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். போன வருஷம் ஒரு நாள் போனில் சொன்னார்: "தம்பி, நம்ம காகிதப்பூ மரத்துல குருவி ஒண்ணு பைய மாட்டி வச்சிருக்கு. நீ வந்து பாரு."

பைதான் அது. நாரும் சிலந்தி வலையும் சேர்த்துப் பின்னிய தொங்கும் பை. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே ஒரு சின்னத் தாழ்வாரம். நம் பக்கத்துத் தேன்சிட்டுகளுக்கு மனிதர்களிடம் பயம் குறைவு. துணிக்கொடி, பூந்தொட்டிக் கொக்கி, வாசல் விளக்கின் வயர் என்று எங்கே தொங்க முடியுமோ அங்கே கட்டிவிடும். இந்தக் கூட்டுக்கு முன்னால் ஒரு இலையடர்ந்த கிளை சரிந்து கிடந்தது. தெருவிலிருந்து பார்த்தால் கூடு தெரியாது, மதில் சுவரிலிருந்தும் தெரியாது. ஹால் ஜன்னலிலிருந்து மட்டும் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிந்தது.

மூன்று சனிக்கிழமை போனேன். முதல் வாரம் அது அடைகாத்துக்கொண்டிருந்தது, வாசலில் அலகு மட்டும் நீட்டியபடி. இரண்டாம் வாரம் குஞ்சு பொரித்திருந்தது. படம் எதுவும் சரியாக வரவில்லை. நான்கு மீட்டர் தூரத்தில், 300 மி.மீ. லென்ஸை எஃப்/4இல் முழுதாகத் திறந்தால் ஃபோகஸின் ஆழம் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. சிட்டு வந்து இரை கொடுத்துவிட்டுப் போவது இரண்டு மூன்று நொடிக்குள். ஆட்டோஃபோகஸ் லென்ஸ் என்றால் இலை இடுக்கில் பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்திருக்கும். என்னால் முடிவதெல்லாம் ஒன்றுதான்: பறவை வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருப்பது. அதற்கு அந்த இடம் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அங்கே வெளிச்சமும் விழ வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை கிளையைக் கட்டினேன்.

ஒடிக்கவில்லை, வெட்டவில்லை. ஒடித்திருந்தால் எனக்கே உறுத்தியிருக்கும். பெரியம்மா கடைச் சாமான் கட்டிவரும் ராஃபியாக்களைச் சேர்த்து வைத்திருப்பார். அதில் ஒன்றை எடுத்து, கிளையை மெதுவாக இழுத்து, கிரில்லில் ஒரு சுருக்கு. அவிழ்த்தால் பழையபடி வந்துவிடும். பறவைப் படம் எடுப்பவர்களிடம் இது ஒரு பொறுப்பான முறை என்றே பேர் வாங்கியிருக்கிறது. ஜன்னலுக்கு உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மின்னணு ஷட்டர், ஒரு சத்தமும் கிடையாது. பத்து நிமிஷத்தில் தாய்ச்சிட்டு வந்துவிட்டது. ஒன்றுமே நடக்காதது போல வாசலில் தொற்றிக்கொண்டு ஊட்டியது. அதற்கு ஆட்சேபணை இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். பதினொன்றரை மணிவாக்கில் அந்தப் படம் கிடைத்தது.

பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். கயிறு அவிழ்க்கப்படவில்லை. 'சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்' என்று நினைத்திருக்கலாம். அல்லது எதையும் நினைக்காமலே இருந்திருக்கலாம். சாம்பாரில் முருங்கைக்காய் போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. இது ஞாபகம் இல்லை.

சத்தம் கேட்டு ஓடினோம். கூடு பக்கவாட்டில் கிழிந்து தொங்கியது. மதில் மேல் ஒரு காகம், பக்கத்து வீட்டுக் கூரையில் இன்னொன்று. தேன்சிட்டுகள் இரண்டும் காகிதப்பூவுக்கும் வயருக்கும் நடுவே கத்திக்கொண்டு பறந்தன. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம்.

"இந்தச் சனியன் புடிச்ச காக்கா" என்று கல்லை எடுத்தேன்.

பெரியம்மா என் கையைப் பிடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கிரில்லைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "காக்கா அதோட வேலையப் பாத்துச்சு. நீ உன் வேலையப் பாத்த."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியம்மா தினமும் அதே மதில் மேல்தான் காக்காய்க்குச் சோறு வைக்கிறார். பெரியப்பா போனதிலிருந்து ஒருநாள்கூடத் தவறியதில்லை. அன்றைக்கும் வைத்திருந்தார். காகங்களை அந்த மதிலுக்கு வரப் பழக்கியது அவர்தான் என்று ஒரு வாதம் வைக்கலாம். ரயிலில் திரும்பி வரும்போது அந்த வாதத்தை நான் வைத்துப் பார்த்தேன். ஷா ஆலம் வரை தாக்குப்பிடித்தது. சோறு பல வருஷமாக வைக்கப்படுகிறது. காகங்களும் பல வருஷமாக வருகின்றன. முந்திய இரண்டு வாரமும் கூடு அங்கேதான் இருந்தது. அன்றைக்குப் புதிதாக அங்கே இருந்தது என் கயிறு மட்டும்தான்.

காகத்தின் மேல் பழியைப் போட இன்னொரு வழியும் இருந்தது, கொஞ்சம் படித்தவர்களின் வழி. வீட்டுக் காகம் இந்த நாட்டுப் பறவையே இல்லை. 1890களில் கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் புழுக்கள் இலைகளைத் தின்று தீர்த்தன. புழுவைத் தின்ன வெள்ளைக்காரத் துரைமார்கள் இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். 1903இல் அதைப் பற்றி இலங்கை அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் குறிப்பும் வந்தது. காப்பி போய் ரப்பர் வந்துவிட்டது. காகம் போகவில்லை. இன்று அதற்கு அந்நிய ஆக்கிரமிப்பு இனம் என்று பேர், நகராண்மைக் கழகங்கள் அவ்வப்போது துப்பாக்கியோடு ஆள் அனுப்பிச் சுடுகின்றன. உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது என்பது அதன் மேல் உள்ள குற்றச்சாட்டுகளில் ஒன்று. உண்மையும்கூட.

ஆனால் அதே தோட்டங்களில் வேலை செய்ய, அதே காலத்தில், கப்பலில் கொண்டுவரப்பட்ட இன்னொரு கூட்டத்தின் கொள்ளுப்பேரன் நான். யாரோ ஒருவருடைய பூச்சித் தொல்லைக்காகக் கொண்டுவரப்பட்டு, வேலை முடிந்த பிறகு 'நீ ஏன் இங்கே இருக்கிறாய்' என்று கேட்கப்படும் பறவையைப் பார்த்து, கையில் கல்லோடு 'அந்நியன்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இதை ரொம்ப நீட்டவும் விரும்பவில்லை. மனிதனும் காகமும் ஒன்றில்லை. காகங்களைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்றும் நான் சொல்லவில்லை. அந்த வாதத்தை எடுத்துக்கொள்ள வசதியான ஆள் நான் இல்லை, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் என் குற்றம் எவ்வளவு?

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 'தார்மிக அதிர்ஷ்டம்' என்ற ஒன்றைப் பற்றி ஒரே கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார்கள். வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரை உதாரணம் காட்டுகிறார். தன் தவறு எதுவுமே இல்லாமல் ஒரு குழந்தையின் மேல் லாரியை ஏற்றிவிடுகிறவர். நாம் அவரைத் தேற்றுவோம், 'உங்க தப்பு இல்ல' என்போம். ஆனால் அவர் அந்தத் தேற்றுதலை உடனே ஏற்றுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டால் அவரைப் பற்றி நமக்கு ஏதோ சந்தேகம் வரும். நேகல் இன்னொரு பக்கம் போகிறார்: ஒரே கவனக்குறைவு, ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னொருவருக்கு விபத்தாகிறது. செய்தது ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் வேறு. அது எப்படி நியாயம்?

இந்தக் கேள்வியைப் பறவைப் படங்களுக்கு நேராகத் திருப்பினால் சங்கடமாக இருக்கிறது. அன்றைக்குக் காகம் வராமல் இருந்திருந்தால் நான் நான்கு மணிக்குக் கயிற்றை அவிழ்த்திருப்பேன். குஞ்சுகள் ஒரு வாரத்தில் பறந்திருக்கும். படம் இதே படம்தான். கிளீனான இதே பச்சை. நான் என்னைப் பொறுமைசாலி என்றும் விருந்தாளி என்றும் நினைத்துக்கொண்டே அடுத்த கூட்டுக்குப் போயிருப்பேன், அங்கேயும் ஒரு கயிறு. ஒவ்வொரு நல்ல கூட்டுப் படத்துக்கும் பின்னால் வராமல் போன ஒரு காகம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. காகம் வந்துவிட்ட படங்கள் நம் கண்ணுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. எடுத்தவர்கள் காட்டுவதில்லை.

முன்பு இதை இவ்வளவு யோசிக்கவில்லை என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. எரிக் ஹோஸ்கிங் என்ற ஆங்கிலேயர் 1937இல் ஆந்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் படம் எடுக்கப் போனபோது தாய் ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்தார். பிறகும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். நம்ம கோலாலம்பூரில் 1915இல் பிறந்த லோக் வான் தோ, சினிமாக் கொட்டகைகளின் முதலாளி, லோக் யூவின் மகன். 1942இல் சிங்கப்பூரை விட்டுத் தப்பிய கப்பல் மூழ்கி, பிழைத்து இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கே சாலிம் அலியோடு நட்பானார். 1957இல் 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' என்ற அழகான புத்தகத்தைப் போட்டார். அந்தத் தலைமுறையின் நல்ல படங்களில் பெரும்பங்கு கூட்டருகே எடுத்தவை. கனமான கேமரா, வேகம் குறைந்த ஃபிலிம், பறவை திரும்பத் திரும்ப வரும் ஒரே இடம் கூடு. என்னுடைய காரணமும் இதுதான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவர்கள் காலத்து முறைப்படி மறைவிடத்தைத் தூரத்தில் கட்டி, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டை நோக்கி நகர்த்துவார்கள், பறவை பழகட்டும் என்று. நான் ஒரு சனிக்கிழமை காலையில் செய்துமுடித்துவிட்டேன். இன்று பல பறவைப் புகைப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. அந்த விதி எனக்குத் தெரியும். போட்டிக்கு அனுப்பப்போவதில்லையே என்று நினைத்தேன்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது அந்த மின்னணு ஷட்டர்தான். சத்தமில்லை, அதனால் பறவைக்கு என்னைத் தெரியாது, அதனால் நான் அதன் வாழ்க்கையில் இல்லை. மூன்று வாரமாக நான் போட்ட கணக்கு இது. தொந்தரவு என்றால் பறவை தொந்தரவை உணர்வது என்று நினைத்துவிட்டேன். தாய்ச்சிட்டு உணரவே இல்லை. கிளை நகர்ந்ததை அது பொருட்படுத்தாமல் வந்து ஊட்டியதை அதன் சம்மதம் என்று படித்தேன். அதற்கு வேறு என்ன வழி இருந்தது? குஞ்சுக்குப் பசி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தே ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் வருகிறவரைப் பார்த்து 'அவருக்கு இதில் ஆட்சேபணை இல்லை' என்று சொல்வது நமக்குப் புதிதான பேச்சும் இல்லை.

சிட்டின் கண்ணுக்கு நான் இல்லை. காகத்தின் கண்ணுக்கு இருந்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் முகமூடி போட்டுக்கொண்டு சோதித்திருக்கிறார்கள்: அமெரிக்கக் காகங்கள் தங்களைப் பிடித்த முகத்தை வருஷக்கணக்கில் நினைவு வைத்திருந்து கூட்டமாகக் கத்தின. நம் மதில் காகங்கள் வேறு இனம். ஆனாலும், ஒருவன் புதிதாக வந்து கிளையை இழுத்துக் கட்டி, அங்கேயே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவை கவனிக்காமல் இருந்திருக்கும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

பழைய லென்ஸ் மனிதனைப் பணிவாக்கும் என்ற என் நம்பிக்கைக்கு வருகிறேன். அந்த லென்ஸால் பறவையைப் பின்தொடர முடியாது, அதனால் பறவையின் உலகத்தை லென்ஸுக்கு ஏற்றபடி அடுக்கினேன். நடந்தது இவ்வளவுதான். வேகமான கருவி வைத்திருந்த அந்த வெள்ளை லென்ஸ்காரர்களில் ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால் கிளையைத் தொடாமலே எடுத்திருக்கலாம். தொட்டும் இருக்கலாம். மலைப்பக்கம் போனால் ஒலிபெருக்கியில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பவர்களும், புழுவை வைத்துப் பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நோக்கி நான் நீட்டிய விரலை இப்போது மடக்கிக்கொள்கிறேன். அவர்கள் செய்வது சரியாகிவிட்டது என்பதால் அல்ல.

லென்ஸை விற்கவில்லை. கூடுகளின் பக்கம் போவதில்லை, கிளைகளைத் தொடுவதில்லை. இதைத் தியாகம் என்று சொல்ல முடியாது, படங்கள் குறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸில் சாயங்காலம் வயர்களில் வந்து அடையும் காகங்களைச் சில சமயம் எடுக்கிறேன். கறுப்புப் பறவைக்கு ஃபோகஸ் வைப்பது கஷ்டம், விளிம்புகள் மின்னுவதே இல்லை. காகம் பறக்கும்போது மின்னணு ஷட்டரில் எடுத்தால் சிறகு ரப்பர் மாதிரி வளைந்து விழுகிறது. இப்போது சத்தமுள்ள ஷட்டரைத்தான் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு கிளிக்குக்கும் கீழே நோக்கித் தலையைத் திருப்புகின்றன.

அந்தப் படத்தை என்ன செய்வது என்பதுதான் முடியவில்லை. அழித்துவிடலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். அழித்தால் நான் செய்ததற்கான ஒரே சாட்சியும் போகும். வைத்திருந்தால், பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். ஒரு நண்பர் தன் புத்தகத்தின் அட்டைக்குக் கேட்டார். 'கிளை கட்டப்பட்டது, குஞ்சுகள் அன்றே இறந்தன' என்று உள்ளே ஒரு வரி போட வேண்டும் என்றேன். "அட்டைக்கு அதெல்லாம் எதுக்குடா" என்றார். கொடுக்கவில்லை.

போன மாதம் பெரியம்மா கேட்டார்: "அந்தக் குருவிப் படத்த பெருசா கழுவி, பிரேம் போட்டுக் கொண்டா."

"அது வேணாம் பெரியம்மா. வேற படம் தர்றேன். மீன்கொத்தி நல்லா வந்திருக்கு."

"மீன்கொத்தி எனக்கு எதுக்கு? அது நம்ம வீட்ல பொறந்த குஞ்சுங்க. செத்தவங்க படத்த மாட்டி வைக்கிறதில்லையா?"

ஹால் சுவரில் பெரியப்பா படம் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் பாட்டி. பெரியம்மா அந்த வரிசையில் இடம் பார்த்து ஆணிகூட அடித்து வைத்துவிட்டார். படம் இன்னும் கழுவக் கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் அந்த ஆணிக்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அதற்கு முன்னால் அவர் ஒரு கைப்பிடிச் சோற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். காகிதப்பூக் கிளை பழையபடி சரிந்து, ஜன்னலில் பாதியை மறைத்துக் கிடக்கிறது.